நியாயமான போர்னு ஒண்ணு உண்டா? அடுத்தவன் நாட்டுக்குள்ள படையோட போறதைப் பத்தி ஒரு விசுவாசி என்ன நினைக்கணும்?

பாளை_மேட்டுத்திடல்

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க சபை வாலிபர் கூட்டத்துல ப்ளஸ் டூ படிக்கிற பையன் ஒருத்தன் எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டான், அஞ்சு நாளா அது மண்டைக்குள்ளயே கெடக்கு. "அண்ணே, எங்க சண்டை நடந்தாலும் நம்ம சபை ஐயர் (பாஸ்டர்) ரெண்டு பக்கத்துக்கும் சமாதானம் வேணும்னுதான் ஜெபிக்காவ. ஒரு பக்கம் நியாயம் இருந்தா அந்தப் பக்கம் ஜெயிக்கணும்னு ஜெபிக்கிறது தப்பா? ஒருத்தன் சொந்த ஜனத்தையே கொல்லுதான்னா வெளியில இருந்து ஒரு நாடு படையோட உள்ள போறது பாவமா?" அடுத்த வாரம் உக்காந்து பேசுவோம்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன். இந்த ஞாயிறு பேசியாகணும், அதான் இங்க போடுதேன்.

நான் படிச்ச வரைக்கும் சொல்லுதேன். முதல் முந்நூறு வருஷம் திருச்சபை அடி வாங்குற இடத்துல இருந்துச்சு, அப்ப ராஜா எப்பப் படை எடுக்கலாம்னு நம்மகிட்ட யாரும் கேக்கல. ராஜாவே கிறிஸ்தவன் ஆனப்புறம்தான் கேள்வி வீட்டு வாசலுக்கு வந்துச்சு. அகுஸ்தீன் ஆப்பிரிக்காவுல ஹிப்போவுல பிஷப்பா இருந்தப்ப போனிஃபாஸ்னு ஒரு ரோமத் தளபதிக்கு ஒரு கடிதம் எழுதுதாரு, உன் விருப்பம் சமாதானமா இருக்கணும், போர் கட்டாயத்தால மட்டும் வரணும்னு. இன்னொரு இடத்துல போர்ல எது உண்மையான தீமைன்னு அவரே கேட்டு, சாவை முதல்ல சொல்லல, கொல்லுறதுல வர்ற ருசி, பழிவாங்குற கொடூரம், ஆளணும்ங்கிற வெறி, இதைத்தான் சொல்லுதாரு. சும்மா வீட்டுக்குள்ள உக்காந்து எழுதின மனுஷன் இல்ல. 430ல வண்டல்னு ஒரு ஜெர்மானியக் கூட்டத்தோட படை ஹிப்போவை வளைச்சு நின்னப்ப அதே போனிஃபாஸ் உள்ள இருந்து ஊரைக் காத்துக்கிட்டிருந்தான், அந்த முற்றுகைக்குள்ளதான் அகுஸ்தீன் கண்ணை மூடினாரு.

என் கருத்து இதுதான், நியாயமான போர்ங்கிற இந்த உபதேசம் வண்டிக்குப் பிரேக்கா உண்டானது. இப்ப அதை லைசென்ஸ் மாதிரி எடுத்து நீட்டுதாங்க. 2002 அக்டோபர்ல அமெரிக்காவுல ரிச்சர்ட் லேண்ட்னு சதர்ன் பாப்டிஸ்ட் சபைத் தலைவர் ஒருத்தரும் இன்னும் நாலு பேரும் கையெழுத்துப் போட்டு அப்ப ஜனாதிபதியா இருந்த புஷ்ஷுக்குக் கடிதம் குடுத்தாங்க, ஈராக் மேல முந்திக்கிட்டுப் போறது நியாயமான போர் அளவுகோலுக்குச் சரியா வருதுன்னு. அஞ்சு மாசத்துல போர். அதைப் படிச்சதுல இருந்து எனக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே பயமா இருக்கு. எல்லாரும் மனசுல உள்ளதைச் சொல்லுங்க.

மணப்பாட்டுக்காரி

நல்ல கேள்வி தம்பி. நான் ஆர்.சி., அதனால எங்க பக்கத்துல இருந்து கொஞ்சம் சேக்கேன்.

அகுஸ்தினார் அங்கங்க சொன்னதை புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டுல மூணா கட்டித் தந்தாரு. போர் தொடுக்க அதிகாரம் உள்ளவர் தொடுக்கணும், அடி வாங்குறவன் அதுக்குத் தக்க தப்பு செஞ்சிருக்கணும், உள்நோக்கம் நேரா இருக்கணும். இதுல மூணாவதுதான் முள்ளு. மத்த ரெண்டும் வெளியில தெரியும், நோக்கம் உள்ள இருக்கு. அதனாலதான் இதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்துல வச்சுப் படிக்கணும்னு எங்க மறைக்கல்வி எடுத்த சாமி சொல்லுவாரு.

இப்ப உள்ள கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டுல இது 2309ஆம் எண்ணுல வருது. வர்ற கேடு நீடிச்சதா, கடுமையானதா, உறுதியானதா இருக்கணும். மத்த வழி எல்லாம் பாத்து முடியாமப் போயிருக்கணும். ஜெயிக்க உண்மையிலேயே வாய்ப்பு இருக்கணும். தீக்கப்போற கேட்டைவிட ஆயுதம் பெரிய கேட்டை உண்டாக்கக் கூடாது. இதுல ஒண்ணு ரெண்டு இருந்தாப் போதும்னு இல்ல, அத்தனையும் சேந்து இருக்கணும்.

நீங்க அந்தக் கடிதத்தைச் சொன்னீங்க, அதே காலத்துல நடந்த இன்னொண்ணையும் அந்தப் பையன்கிட்ட சொல்லுங்க. 2003 ஜனவரில பாப்பரசர் ஜான் பால் தூதர்கள் முன்னாடி போர் வேண்டாம், போர் எப்பவும் மனுஷகுலத்துக்குத் தோல்விதான்னு பேசினாரு. மார்ச் 5ஆம் தேதி, சாம்பல் புதன், கர்தினால் பியோ லாகியை நேரா வெள்ளை மாளிகைக்கே அனுப்பினாரு. அப்ப கர்தினாலா இருந்த ராட்சிங்கர் (பின்னாடி பாப்பரசர் பெனடிக்ட் ஆனவர்), முன்தடுப்புப் போர்ங்கிற சொல்லே மறைக்கல்வி ஏட்டுல கிடையாதுன்னு பளிச்சுனு சொன்னாரு. புஷ் சேந்த மெதடிஸ்ட் சபைத் தலைவர்களே வேண்டாம்னுதான் சொன்னாங்க. கேக்கல. ரெண்டு வாரத்துல குண்டு விழுந்துச்சு.

மெஞ்ஞானபுரம்_தம்பி

அக்கா, அண்ணே, ரெண்டு பேர் மேலயும் மரியாதை உண்டு, ஆனா நான் மறுபக்கம் பேசப் போறேன், கோவிச்சுக்காதீங்க.

எங்க அப்பா 1990ல குவைத்ல ஒரு கடையில வேலை. ஆகஸ்ட் 2ஆம் தேதி விடியக்காலம் சதாம் படை உள்ள வந்துட்டு. அப்பா பஸ்ல ஈராக் வழியா ஜோர்டான் போயி, அம்மான்ல பாலைவனத்துல கூடாரத்துல நாள் கணக்கா கெடந்து, ஏர் இந்தியா பிளேன்ல வந்து சேந்தாங்க. அப்ப அப்படி வந்தவங்க 1.7 லட்சம் பேர்னு சொல்லுவாங்க. அம்மாவுக்குன்னு ஒரு தையல் மிஷின் வாங்கி வச்சிருந்தாங்களாம், மிஷினைத் தூக்க முடியல, அதோட ஊசிப் பொட்டியை மட்டும் சட்டைப் பையில போட்டுக் கொண்டு வந்தாங்க. அந்தப் பொட்டி இப்பவும் எங்க வீட்டு ஷோகேஸ்ல இருக்கு.

1991ல அமெரிக்காவும் கூட்டுப்படையும் போயி குவைத்தை மீட்டுக் குடுக்கலைன்னா யாரு மீட்டிருப்பா? ஐநா தீர்மானம் 678 இருந்துச்சு. அதிகாரம் இருந்துச்சு, காரணம் இருந்துச்சு. ரோமர் 13ல, அதிகாரி பட்டயத்தை விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லைன்னு பவுல் எழுதியிருக்காரே, அதுக்கு என்ன அர்த்தம்? பட்டயம் சுவத்துல தொங்கவா? எல்லாப் போரையும் ஈராக் 2003ஆப் பாத்தா குவைத்காரன் வீட்டுக்கு எப்பத் திரும்புவான்?

நெல்லை_டவுன்_ரதவீதி

நல்ல இழை, ஃபாலோ பண்ணுதேன். ரெண்டு பக்கமும் சூடா இருந்தாலும் மரியாதையாப் பேசுதீங்க.

கயத்தாறு_கணக்கு

நான் கிறிஸ்தவன் இல்ல, ஆனா இந்த விஷயத்துல ரொம்ப நாளாப் படிக்கேன், அதனால உள்ள வாரேன்.

கன்சர்வேட்டிவ், அதாவது பழமைவாதின்னாலே போருக்கு ஆதரவுன்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு இருக்கு, புஷ் காலத்துல வந்த நெனப்பு அது. பழைய கன்சர்வேட்டிவ் மரபு அதுக்கு நேர் எதிர். 1821 ஜூலை 4ல ஜான் குயின்சி ஆடம்ஸ், பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆனவர், பேசினதைப் பாருங்க, அமெரிக்கா அரக்கர்களைத் தேடிப் பிடிச்சுக் கொல்ல வெளிதேசம் போறதில்லைன்னு. செனட்டர் ராபர்ட் டாஃப்ட் 1949ல நேட்டோ ஒப்பந்தத்துக்கே எதிரா ஓட்டுப் போட்டவரு. எழுத்தாளர் ரஸ்ஸல் கிர்க் 1991 வளைகுடாப் போரையே தப்புன்னாரு. அரசியல்வாதி பேட் புக்கானன் 1991லயும் வேண்டாம்னாரு 2003லயும் வேண்டாம்னாரு. இவங்க யாரும் இடதுசாரி கிடையாது. ஒரு சமுதாயம்கிறது நூத்துக்கணக்கான வருஷமா வேர் விட்டு வளந்தது, வெளியில இருந்து வந்தவன் ஒரே ராத்திரில பிடுங்கிப் புதுசா நட முடியாது, இதுதான் அவங்க வாதத்தோட வேர். சொந்த நாட்டுல ஒரு சட்டத்தை மாத்தவே பத்துத் தடவை யோசிக்கணும்னு சொல்லுறவன், பாஷை தெரியாத அடுத்த நாட்டை ஆறு மாசத்துல மாத்திக் காட்டுதேன்னு கெளம்பினா அவன் என்ன கன்சர்வேட்டிவ்?

இந்த மரபுக்கு அப்பான்னு 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் எம்.பி. எட்மண்ட் பர்க்கைச் சொல்லுவாங்க. பர்க்குக்கும் நம்ம சீமைக்கும் ஒரு தொடர்பு உண்டு, நெறைய பேருக்குத் தெரியாது. 1785ல லண்டன் பார்லிமென்ட்ல ஆற்காடு நவாப் கடனைப் பத்தி மணிக்கணக்கா பேசினாரு. அந்தக் கடன் யாரு தலைல விடிஞ்சுது? நம்ம பாளையக்காரங்க தலைல. நவாப் கடன்ல மூழ்கி, வரி வசூலிக்கிற உரிமை கம்பெனிக்குப் போயி, 1792 ஒப்பந்தத்துல பாளையக்காரங்க கப்பம் நேரா கம்பெனி கைக்குப் போச்சு. சட்டப்படி பாத்தா கம்பெனிகிட்ட காயிதம் இருந்துச்சு, ஒழுங்கை நிலைநாட்ட வந்தோம்னு சொல்ல வாயும் இருந்துச்சு. அந்தக் காயிதத்தோட முடிவு எங்க ஊர்லதான் இருக்கு, 1799 அக்டோபர் 16, கயத்தாத்துல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட இடம். நான் டெய்லி அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். 1801ல பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்குனாங்க, அந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைச்சாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாவ.

கப்பம் கட்டாதவனை அடக்கணும், பிரஜைகளைக் காப்பாத்தணும், நாகரிகத்தைக் கொண்டு வரணும். உள்ள வர்றவன் எல்லாருக்கும் ஒரு நியாயம் இருக்கும். ஒரு அந்நியப் படை நியாயம் பேசிக்கிட்டு வந்தா அது எப்படி முடியும்னு நம்ம சீமைக்காரன் புஸ்தகத்துல படிக்க வேண்டியதில்ல.

மெஞ்ஞானபுரம்_தம்பி

கயத்தாறு அண்ணாச்சி, கம்பெனியையும் குவைத்தையும் ஒரே தராசுல வைக்காதீங்க. கம்பெனியும் அதுக்கப்புறம் பிரிட்டிஷ் சர்க்காரும் இங்க 150 வருஷம் உக்காந்துச்சு. 1991ல போன படை குவைத்தை மீட்டுச்சு, பாக்தாதுக்குப் போகல, நின்னுட்டு. எல்லை தெரிஞ்சு நிக்கிறதும் அந்த உபதேசத்துல ஒரு பாகம்தான?

கயத்தாறு_கணக்கு

நியாயமான பாயின்ட் தம்பி, ஒத்துக்கிடுதேன். ஒருத்தன் வீட்டைப் பறிச்சவனை வெளியேத்துறது வேற, அவன் வீட்டுக்குள்ளயே போயி குடும்பத்தைத் திருத்துதேன்னு நிக்கிறது வேற. என் சண்டை ரெண்டாவதோட.

மணப்பாட்டுக்காரி

கயத்தாறு அண்ணன் சொன்ன கம்பெனி கேள்வியை எங்க ஆளு ஒருத்தர் 1539லயே கேட்டுட்டாரு. ஸ்பெயின்ல சாலமாங்கா பல்கலைக்கழகத்துல ஃபிரான்சிஸ்கோ தெ வித்தோரியான்னு ஒரு டொமினிக்கன் சாமியார். கொலம்பஸ் போன தேசத்துல ஸ்பெயின்காரன் செஞ்சது நியாயமான்னு வகுப்பெடுத்தாரு, எடுத்தது ஸ்பெயின் ராஜாவோட ராஜ்யத்துக்குள்ளயே. மதம் வேறங்கிறது போருக்குக் காரணம் ஆகாது, சாம்ராஜ்யத்தைப் பெருக்கிறது காரணம் ஆகாது, ராஜாவோட புகழ் காரணம் ஆகாதுன்னு சொன்னாரு. இந்தப் போர் அநியாயம்னு ஒரு சிப்பாய்க்கு மனசாட்சில உறுதியாத் தெரிஞ்சா ராஜாவே கட்டளை போட்டாலும் போகக் கூடாதுன்னும் சொன்னாரு.

ஆனா அதே வித்தோரியா ஒரு கதவைத் திறந்தும் வச்சாரு. குற்றமில்லாதவங்களை அவங்க ராஜாவே கொல்லுதான்னா, அவங்களைக் காப்பாத்த வெளியில உள்ளவன் தலையிடலாம். அந்தக் கதவு வழியா நல்லவனும் வந்தான் திருடனும் வந்தான். வித்தோரியாவைக் காட்டியே அப்புறம் தென்னமெரிக்காவுல எத்தனையோ அட்டூழியத்துக்கு நியாயம் பேசினாங்க. அதுக்காகக் கதவை அடைச்சுட்டா உள்ள சாகிறவனுக்கு வழி இல்லாமப் போயிரும், அதையும் யோசிக்கணும். எனக்கு இதுல ராத்திரி தூக்கம் வராம இருந்திருக்கு, உண்மையாவே.

கங்கைகொண்டான்_முகாம்

நான் எப்பவும் வாசிக்கிற ஆள் மட்டும்தான், இண்டைக்கு எழுதுறேன். அம்மா மன்னார், 1990ல படகில வந்தவ. நான் இங்க முகாமிலதான் பிறந்தது, அதால என்ர தமிழ் ரெண்டும் கலந்து வரும், மன்னிக்கணும்.

நீங்கள் எல்லாரும் உள்ள போறவனைப் பற்றிக் கதைக்கிறீங்கள். போகாமல் விட்டவனைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல.

2005ல உலகத் தலைவர்கள் எல்லாம் ஐநாவில கூடி, ஒரு அரசு தன்ர சனத்தைக் காக்காவிட்டால் உலகம் காக்க வேணும் எண்டு ஒத்துக்கொண்டவை. நாலு வருசத்தில வன்னி. அம்மாட தம்பி குடும்பம் முள்ளிவாய்க்கால் பக்கம் பாதுகாப்பு வலயம் எண்டு சொன்ன இடத்திலதான் இருந்தது. ஆறு பேர். கடைசியாப் போனில கதைச்சது ஏப்ரல் மாசம், மாமா சொன்னது பங்கருக்குள்ள தண்ணி நிண்டுட்டுது, பிள்ளையளை எங்க படுக்கப் போடுறது எண்டு தெரியேல்ல எண்டு. பிறகு போன் இல்லை. ஐநா நிபுணர் குழு 2011ல 40,000 பொதுசனம் வரைக்கும் செத்திருக்கலாம் எண்டு எழுதினது. 2012ல ஐநா தன்ர வேலையைத் தானே விசாரிச்சு தாங்கள் தவறிப்போனம் எண்டும் எழுதினது. எழுதினதோட சரி.

பிரேக் நல்லதுதான் அண்ணா. ஆனால் ரோட்டில ஒருத்தன் அடிபட்டுக் கிடக்கேக்க எல்லாரும் பிரேக்கைப் பற்றியே கதைச்சுக்கொண்டு தாண்டிப் போனால் அவன் என்ன செய்யிறது? நல்ல சமாரியன் கதையில முதல் ரெண்டு பேரும் தாண்டிப் போறதுக்கு நியாயம் வச்சிருந்திருப்பினம்தானே.

நெல்லை_டவுன்_ரதவீதி

தம்பி... என்ன சொல்லன்னு தெரியல. அம்மாவுக்கு எங்க அன்பைச் சொல்லுங்க.

பாளை_மேட்டுத்திடல்

தம்பி, உங்க போஸ்ட்டைப் படிச்சுட்டு ரெண்டு மணி நேரம் பதில் எழுதல. நான் முதல் போஸ்ட்ல பிரேக்னு எழுதினப்ப வண்டி ஓட்டுறவன் பக்கத்துல உக்காந்து எழுதியிருக்கேன், ரோட்டுல கெடக்கிறவன் பக்கத்துல உக்காந்து எழுதல. அது என் தப்புதான்.

நான் உண்மையிலேயே தெரிஞ்சுக்கக் கேக்கேன், 2009ல யாரு வந்திருக்கணும்னு நீங்க நினைக்கீங்க? எப்படி வந்திருக்கணும்?

கங்கைகொண்டான்_முகாம்

படை வேணும் எண்டு நான் சொல்லேல்ல அண்ணா. ஒரு கப்பல் வந்து சனத்தை ஏத்தியிருந்தால் காணும். அம்மா இப்பவும் அதைத்தான் சொல்லுவா, ஒரு கப்பல்.

ஹவில்தார்_வள்ளியூர்

நான் ராணுவத்துல 22 வருஷம் இருந்து ரிட்டயர்ட் ஆனவன். வயசு எழுபதைத் தாண்டிட்டு, பேரன்தான் நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணுதான். முகாம் தம்பி எழுதினதைப் படிச்சப்புறம் நான் பேசாம இருக்கக் கூடாதுன்னு தோணிச்சு.

1987 ஆகஸ்ட்ல யாழ்ப்பாணம் போன அமைதிப்படையில நானும் ஒருத்தன். பலாலில எறங்கினோம். முதல் ரெண்டு மாசம் எங்களுக்கு மாலை போட்டாவ, பிள்ளைக கை காட்டுச்சு. தமிழ் பேசுத ஆளுன்னு தெரிஞ்சா இன்னும் பிரியம். நாங்க டெய்லி பெட்ரோல் போற ஒழுங்கையில ஒரு வீடு, வாசலுக்குப் பக்கத்துலயே கிணறு, துலாக் கிணறு. அந்த வீட்டு ஆச்சி நாங்க வர்ற நேரம் பாத்து வாளித் தண்ணி எறைச்சு வச்சிருப்பாவ, ஒரு நாள் புட்டும் வாழப்பழமும் குடுத்தாவ. எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்துட்டு.

அக்டோபர்ல புலிகளோட சண்டை தொடங்கிட்டு. யாரு தொடங்கினா ஏன் தொடங்கினாங்கிறதை நான் இங்க பேசல, அது பெரியவங்க எழுதட்டும். நவம்பர்ல மறுபடி அந்த ஒழுங்கையில போனோம். ஆச்சி உள்ள இருக்காவன்னு தெரியுது, அடுப்புப் புகை வருது. கதவு சாத்தியிருக்கு. கிணத்துல துலாக் கம்பு மட்டும் நிக்கி, கயித்தையும் வாளியையும் அவுத்து உள்ள கொண்டு போயிட்டாவ. எங்களுக்குத் தண்ணி குடுக்க அவியளுக்கு மனசு இல்லாமப் போச்சு. அவிய எங்களை ஒரு வார்த்தை வையல. கயித்தை அவுத்துட்டாவ, அவ்வளவுதான்.

நாங்க கெட்ட எண்ணத்தோட போகல. ரெண்டு அரசும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்துச்சு, கூப்பிட்டுத்தான் போனோம். மணப்பாட்டு அம்மா சொல்லுத மூணும் எங்ககிட்ட இருந்துச்சு. 1990 மார்ச்ல நாங்க கெளம்பும்போது எங்க பக்கம் சுமார் 1,200 பேர் செத்திருந்தாங்க, அந்த மக்கள் பக்கம் எத்தனைன்னு நான் சொல்லக் கூடாது, எனக்கு வாய் வராது. யாரைக் காப்பாத்தப் போனோமோ அவியளே எங்களைப் பாத்துக் கதவைச் சாத்துனாவ.

முகாம் தம்பி, நீ கேக்கதும் சரி. எங்களால உங்களுக்கு வந்த கஷ்டத்துக்கு ஒரு கிழவனா உங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்.

கங்கைகொண்டான்_முகாம்

ஐயா, நீங்கள் மன்னிப்புக் கேக்க வேண்டாம். அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அவ கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு கேட்டவ, அந்த ஆச்சி ஆக்கள் ஆர் எண்டு அவருக்குத் தெரியுமோ எண்டு.

ஹவில்தார்_வள்ளியூர்

பேரு தெரியாது தம்பி. ஒழுங்கை முனையில ஒரு பிள்ளையார் கோயில், பக்கத்துல பனங்கூட்டம். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு.

மணப்பாட்டுக்காரி

இதைப் படிச்சப்புறம் புத்தக வாதம் எழுத சங்கடமா இருக்கு, ஆனாலும் ஹவில்தார் ஐயா சொன்னதுலதான் முக்கியமான விஷயம் இருக்கு. நல்ல எண்ணம், அதிகாரம், காரணம் மூணும் இருந்தும் ஏன் இப்படி ஆச்சு? ஜெயிக்க வாய்ப்பு உண்டான்னு கேக்கும்போது நாம எதிரியைத் தோக்கடிக்கிறதை மட்டும் நினைக்கோம். அங்க உள்ள ஜனம் நம்மளை ஏத்துக்கிடுமாங்கிறதும் அந்தக் கேள்விக்குள்ளதான் வரணும்.

ஈராக்ல அதுக்கு விலை குடுத்தது நம்ம ஜனம்தான். 2003க்கு முன்னாடி அங்க பத்து லட்சத்துக்கு மேல கிறிஸ்தவங்க இருந்தாங்க, அரமேயு மொழியில பூசை காங்கிறவங்க, ஆண்டவர் பேசின மொழியோட வம்சம். சதாம் கொடுங்கோலன்தான், சந்தேகமே இல்ல. அவன் போனப்புறம் வந்த வெறுமையில என்னென்னவோ நொழைஞ்சுச்சு. 2014 ஜூன்ல வடக்கு ஈராக்ல உள்ள மொசூல் ஐஎஸ் தீவிரவாதிக கையில விழுந்துச்சு, ஜூலைல கிறிஸ்தவங்க வீட்டுச் சுவத்துல நசரேயன்ங்கிற அரபுச் சொல்லோட முதல் எழுத்தை எழுதி வச்சுட்டுப் போயிட்டானுக. மதம் மாறு, இல்ல வரி கட்டு, இல்ல கெளம்பு, இல்ல சாவு. ஆயிரத்து அறுநூறு எழுநூறு வருஷமா மணி அடிச்ச ஊர்ல மணி நின்னுபோச்சு. இப்ப மிஞ்சி இருக்கிறது முந்தி இருந்ததுல சின்னப் பங்கு. அந்த 2002 கடிதத்துல கையெழுத்துப் போட்ட அஞ்சு பேரும் இந்த மக்களைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா!

ஆனா அதே 2014 ஆகஸ்ட்ல பாப்பரசர் பிரான்சிஸ் கொரியாவுல இருந்து திரும்புற விமானத்துல, அநியாயமா அடிக்கிறவனைத் தடுத்து நிறுத்துறது நியாயம்தான்னு சொன்னாரு. தடுத்து நிறுத்துங்கிற சொல்லுக்கு அடிக்கோடு போடுதேன், குண்டு போடுன்னு சொல்லலன்னும் சேத்துச் சொன்னாரு. முகாம் தம்பியோட அம்மா சொன்ன கப்பல் எனக்கு அந்தச் சொல்லுக்குள்ளதான் தெரியுது.

மெஞ்ஞானபுரம்_தம்பி

அக்கா, மொசூல் விஷயம் எனக்கும் வயித்தைப் பிசையுது. 2003ஐப் பத்தி நான் வாதாட மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கேன், 1971? கிழக்கு பாகிஸ்தான்ல இருந்து சுமார் ஒரு கோடி பேர் அகதியா இந்தியாவுக்குள்ள வந்தாங்க. டிசம்பர் 3ல தொடங்கி 16ல முடிஞ்சுது, 1972 மார்ச்சுக்குள்ள நம்ம படை திரும்பி வந்துட்டு. மைக்கேல் வால்சர்னு ஒருத்தர், கிறிஸ்தவர் இல்ல யூதர், 1977ல நியாயமான போரைப் பத்தி எழுதின புஸ்தகத்துல மனிதாபிமானத் தலையீட்டுக்கு உதாரணமா இதைத்தான் எடுத்துப் பேசுதாரு. அப்ப உள்ள போனது சரிதான?

மணப்பாட்டுக்காரி

சரின்னுதான் நானும் நினைக்கேன் தம்பி. பாகிஸ்தானைப் பலவீனப்படுத்தணும்ங்கிற எண்ணமும் டெல்லிக்கு இருந்துச்சு, நோக்கம் சுத்தத் தங்கம்னு சொல்ல முடியாது. ஆனா அந்த ஜனம் கூப்பிட்டாங்க, முன்னாடியே அவங்களே போராடிக்கிட்டிருந்தாங்க, நாமளும் வேலை முடிஞ்சதும் திரும்பிட்டோம். உக்காரலைங்கிறதுதான் நோக்கத்துக்கு நான் பாக்கிற சாட்சி. லிபியாவுல 2011 மார்ச்ல ஐநாவோட 1973ஆம் எண் தீர்மானம், பொதுமக்களைக் காக்கன்னு போனாங்க, அக்டோபர்ல கடாஃபியைக் கொல்லுறதுல போயி முடிஞ்சுது. அந்தத் தீர்மானத்துக்கு இந்தியா ஓட்டுப் போடாம ஒதுங்கி நின்னுச்சு. 2015 பிப்ரவரில அதே லிபியாக் கடற்கரையில 21 பேரை, 20 பேர் எகிப்துக் காப்டிக் கூலித் தொழிலாளிக, ஒருத்தர் கானாக்காரர், ஆரஞ்சுச் சட்டை போட்டு முழங்கால் போட வச்சு ஐஎஸ் ஆளுக கழுத்தை அறுத்தானுக. கடாஃபி இருந்தா இது நடந்திருக்காதுன்னு நான் சொல்லல, அவனும் கொலைகாரன்தான். காக்கப் போனவன் யாரும் அந்தக் கரையில இல்லங்கிறதை மட்டும் சொல்லுதேன்.

கயத்தாறு_கணக்கு

நம்ம ஊர்ச் சரக்கு ஒண்ணு. புறநானூறு ஒன்பதாவது பாட்டு, நெட்டிமையார் பாடினது, பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி மேல. பசு, அந்தணர், பொம்பளைங்க, நோயாளிங்க, பிள்ளை பெறாதவங்க, எங்க அம்பு வரப்போகுது, உங்களுக்குப் பாதுகாப்பான இடம் தேடிப் போயிருங்கன்னு முதல்லயே சொல்லிட்டு அடிக்கிறது. வாலிபர் கூட்டத்துல அக்குவினாஸ் பேரு வாயில நொழையலன்னா பிள்ளைகளுக்கு இதுல இருந்து தொடங்குங்க. குறள் 471ஐயும் சொல்லுங்க, வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி. ஹவில்தார் ஐயா சொன்னதைக் கேட்டப்புறம் எனக்கு இதுல கிணத்துக்கார ஆச்சியோட மனசும் துணைவலிக்குள்ளதான் வரும்னு படுது.

பாளை_மேட்டுத்திடல்

அண்ணாச்சி, அருமை. அதே கணக்கு லூக்கா 14லயும் இருக்கு, பத்தாயிரம் பேரோட இருபதாயிரம் பேரை எதிர்க்க முடியுமான்னு உக்காந்து யோசிக்கிற ராஜா.

நேத்து ராத்திரி கூட்டத்துக்காக நீதிமொழிகளைப் பெரட்டினப்ப ரெண்டு வசனம் கண்ணுல பட்டுச்சு. 26ஆம் அதிகாரம் 17, வழியில போகும்போது தனக்குச் சம்பந்தமில்லாத வழக்குல தலையிடுறவன் நாயைக் காதைப் பிடிச்சு இழுக்கிறவன் மாதிரி. கயத்தாறு அண்ணாச்சி பேசினது பூரா இந்த ஒரு வசனத்துல அடங்கிரும். ரெண்டு அதிகாரம் முன்னாடி, 24ல 11, கொலை செய்யக் கொண்டு போறவங்களை விடுவிக்க முடிஞ்சா விடுவி. அடுத்த வசனம் இன்னும் பயங்கரம், எங்களுக்குத் தெரியாதேன்னு நீ சொன்னா இருதயத்தைச் சோதிக்கிறவர் அறியாரோன்னு கேக்கு. முகாம் தம்பி கேட்டது இதேதான். ரெண்டும் ஒரே புஸ்தகத்துல, ரெண்டு பக்கத்துக்குள்ள.

ரெண்டுக்கும் நடுவுல எனக்கு இப்ப பிடிபடுதது இவ்வளவுதான். படையெடுக்கணும்னு சொல்லுறவன்தான் நிரூபிக்கணும், வேண்டாம்ங்கிறவன் நிரூபிக்க வேண்டியதில்ல. இதுல நான் மாறல. ஆனா வேண்டாம்னு சொல்லுறவனுக்கும் ஒரு கடன் இருக்கு, அப்ப வேற என்ன செய்யப்போறன்னு அவன் சொல்லியாகணும், கப்பலாவது அனுப்பணும். கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டு அதுக்கு நியாயமான போர் உபதேசத்தைச் சாக்கு காட்டக் கூடாது. அந்தப் பையன் கேட்ட ஜெபத்துக்கும் எனக்கு ஒரு பதில் கெடைச்சிருக்கு, அடிக்கிறவன் கை நிக்கணும்னு ஒரு பக்கமா ஜெபிக்கலாம், அவன் சாகணும்னு ஜெபிக்கக் கூடாது. இதை ஐயர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்.

மெஞ்ஞானபுரம்_தம்பி

அண்ணே, ரோமர் 13க்கு முன்னாடி 12 இருக்குன்னு எங்க அப்பா இப்பத்தான் சொன்னாங்க, பழிவாங்காதிருங்கள்னு. ரெண்டையும் சேத்து வாசிக்கணும்டேன்னாங்க. என் கருத்தை முழுசா மாத்திக்கிட்டேன்னு சொல்ல மாட்டேன், குவைத் விஷயத்துல அதே எடத்துலதான் நிக்கேன். அந்தப் பையன்கிட்ட என் பக்கத்தையும் சொல்லுங்க.

பாளை_மேட்டுத்திடல்

கண்டிப்பாச் சொல்லுதேன் தம்பி, ஊசிப் பொட்டிக் கதையோட சேத்துச் சொல்லுதேன்.

ஹவில்தார் ஐயா, ஞாயிறு 4 மணிக்கு உங்களால வர முடியுமா? வள்ளியூர்ல இருந்து திருநெல்வேலி பஸ் ஏறினா வண்ணாரப்பேட்டைல எறங்குங்க, நான் பைக்ல வந்து கூப்பிட்டுக்கிடுதேன். மேடையில பேச வேண்டாம், பிள்ளைக கேக்கதுக்கு உக்காந்தபடியே பதில் சொன்னாப் போதும்.

ஹவில்தார்_வள்ளியூர்

வாரேன் தம்பி. பேரனும் வருவான். முகாம் தம்பி வந்தா நான் சந்தோசப்படுவேன்.

கங்கைகொண்டான்_முகாம்

வாறன். அம்மாவும் வரலாமோ எண்டு கேக்கிறா. அவவுக்கு ஐயாவைப் பாக்க வேணுமாம்.

பாளை_மேட்டுத்திடல்

தாராளமா வரட்டும் தம்பி. அம்மாவுக்குப் படி ஏறக் கஷ்டம்னா கீழ் ஹால்லயே வச்சுக்கிடுவோம், நாற்காலி போடச் சொல்லிருதேன்.